அணைக்கிறதுக்கு முன்னாடி

கண்டியிலிருந்து வர்ற ரயில் பாதை மாத்தளையோட முடியுது. 1880இலிருந்து அப்படித்தான். ஆனா ரயில் வந்து நின்னதும் வேலை முடிஞ்சிடாது. ஆட்கள் இறங்கணும், சாமான் இறக்கணும். கணினியில ஓடுற புரோகிராமுக்கும் இப்படி ஒரு கடைசி வேலை உண்டு. நாங்க அதைப் பட்டுத்தான் படிச்சோம்.

எங்க வாசிகசாலைப் புத்தகங்களைப் பதிய சி மொழியில சின்னதா ஒரு புரோகிராம் எழுதினோம். ஒரு பின்னேரம் அது அசையாம நின்னுட்டது. பொறுமையில்லாம கில் கட்டளையோட 9 போட்டோம். திறந்து பார்த்தா கடைசியா ஏத்தின பதிவுகள் கோப்பில் இல்லை. எழுதச் சொன்னதை சி நூலகம் உடனே அனுப்பாது, கொஞ்சம் சேரும்வரை பஃபரில் வச்சிருக்கும். அதோட போயிட்டது.

1979இல் பெல் ஆய்வகத்திலிருந்து வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இதுக்கு ஏற்பாடு இருந்தது. எக்ஸிட்டை அழைச்சா முதலில் பஃபர்கள் காலியாகும், அப்புறம்தான் கெர்னலிடம் போகும். ஆனா நூலகம் தன் வீட்டை மட்டும்தான் கூட்டும். நாம உண்டாக்கின தற்காலிகக் கோப்பு நம்ம பாடு. 1989இல் சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வந்தப்போ அட்எக்ஸிட் சேர்ந்தது. முடியும்போது கூப்பிடச் சொல்லி குறைந்தது 32 ஃபங்ஷன்களைப் பதிஞ்சு வைக்கலாம். கடைசியா பதிஞ்சது முதலில் ஓடும். ஏன் தலைகீழ்? பின்னால வந்தது முன்னால வந்ததை நம்பி நிற்கலாம். கூரையைக் கழட்டாம சுவரை இடிப்போமா?

9ஆம் சிக்னலுக்கு இந்த மரியாதை எதுவும் இல்லை. அதைப் பிடிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. 15ஐப் பிடிக்கலாம். ஆனா பிடிக்காம விட்டா அதுக்கும் அட்எக்ஸிட் ஓடாது. இது பலருக்குத் தெரியாது, எங்களுக்கும் தெரிஞ்சிருக்கல.

நம்ம நாட்டிலேயே டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம் உருவாக்கி, 2019இல் 1.0 ஆக வெளியிட்ட பாலெரினா மொழி இந்த ரெண்டு முடிவையும் பெயர் சொல்லியே பிரிக்குது. அதில் ஒவ்வொரு லிஸனருக்கும் கிரேஸ்ஃபுல்ஸ்டாப், இமீடியட்ஸ்டாப் ரெண்டும் இருக்கணும். கையிலிருக்கிற வேலையை முடிக்க விடுறது முதலாவது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போனது ஞாபகம் இருக்கும். அப்போ கெர்னலுக்கே அவகாசம் இல்லை. எஃப்ஃப்ளஷ் போட்டாலும் பதிவு கெர்னல்வரைதான் போகும், டிஸ்க்குக்குப் போக எஃப்சிங்க் வேணும். இப்போ ஒவ்வொரு புத்தகத்துக்கும் ரெண்டையும் அழைக்கிறோம். புரோகிராம் கொஞ்சம் மெதுவாத்தான் போகுது. தொலைஞ்ச பதிவுகளை அலமாரியைப் பார்த்து ஒவ்வொன்னா ஏத்திட்டிருக்கோம். இன்னும் ரெண்டு தட்டு பாக்கி.