பாம்புக்கடி முதலுதவி

பாம்பு கடித்த நேரம் தொடங்கி, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனையை அடையும் வரை கடிபட்டவருக்குச் செய்யும் உதவியே பாம்புக்கடி முதலுதவி. ரத்தம் கொட்டினால் அழுத்திப் பிடிக்கிறோம். தீக்காயத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம். பாம்புக்கடியில் அப்படிக் கடிவாயில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. ஆளை அசையவிடாமல் வைத்திருந்து, வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடிவாயில் ஏதேதோ செய்து நேரம் போனதால் இறந்தவர்களும் உண்டு.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024இல் இதை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. சிகிச்சைக்கு வரும் ஒவ்வொரு கடியையும் மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும்.

நான்கு பாம்புகள்

இந்தியாவில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாவன நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு. முதல் இரண்டின் விஷம் நரம்பைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பின்னிரண்டின் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். கண்ணாடி விரியன் கடி சிறுநீரகத்தையும் பாதிக்கும். நல்ல பாம்பும் பின்னிரண்டு விரியன்களும் கடித்தால் வலி, வீக்கம் என்று உடனே தெரிந்துவிடும்.

கட்டுவிரியன் அப்படி அல்ல. தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை இரவில் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. பல் பட்ட தடமும் சில சமயம் கண்ணுக்குத் தெரியாது. கடிபட்டவர் வயிற்று வலி என்று எழுந்து உட்காருவார். அஜீரணம் என்று வீட்டார் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். விடிவதற்குள் கண் இமை சரியும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழியும். அடுத்து மூச்சு நின்றுபோகும். தரையில் படுத்திருந்தவர் காரணம் தெரியாத வயிற்று வலியோடு எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் தவித்தால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் கட்டுவிரியன் கடியாக இருக்கும் என்றே கருதி விரைய வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் பாம்பிடமிருந்து விலகிவிட வேண்டும். கடிபட்டவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும். இது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. பாம்புக்கடிகளில் பெரும்பாலானவை விஷமற்ற பாம்புகளின் கடிகள். விஷப்பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. வீக்கம் ஏறுவதற்குள் மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட கை காலை, முறிந்த எலும்புக்குச் செய்வது போல, கம்போ மட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைக்க வேண்டும். தசை அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும் என்பதால் நடக்கவே விடக்கூடாது. 108 ஆம்புலன்ஸ் வந்து சேரத் தாமதமாகும் என்றால் மோட்டார் சைக்கிளிலாவது கொண்டுபோகலாம்: ஓட்டுபவருக்குப் பின்னால் கடிபட்டவர், அவரைப் பிடித்துக்கொள்ள அவருக்குப் பின்னால் இன்னொருவர். வாந்தி எடுப்பவரையும் நினைவு தவறுபவரையும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

கடித்த நேரம், இமை எப்போது சரிந்தது, ஈறில் ரத்தம் கசிந்ததா என்ற விவரங்களை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போகத் தேவையில்லை. வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்கும்.

செய்யக்கூடாதவை

கயிறு, துண்டு, சேலைக்கரை எதனாலும் இறுக்கிக் கட்டக்கூடாது. ரத்த ஓட்டம் தடைபட்டு உறுப்பு அழுகக்கூடும். கட்டை அவிழ்த்ததும் தேங்கிய விஷம் ஒரே வீச்சில் உடலில் பாயும். ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல், மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும். கடிவாயைக் கீறுவதும் கூடாது: ரத்தம் உறையாத நிலையில் அந்தக் கீறலே ஆபத்து. வாயால் உறிஞ்சினால் விஷம் வெளியே வராது. ஐஸ் வைப்பது, சூடு போடுவது, மது கொடுப்பது எல்லாமே கேடு.

மந்திரித்தும் விஷக்கல் வைத்தும் பிழைத்தவர்களை ஊர் உதாரணம் காட்டும். விஷமே இறங்காத கடிதான் அங்கே தானாகச் சரியாகியிருக்கிறது. அதே நம்பிக்கையில் விஷம் இறங்கியவரையும் உட்கார வைத்துவிடுவதுதான் கொடுமை.

மருத்துவமனையில்

மருத்துவர் சுத்தமான, ஈரமில்லாத புதிய கண்ணாடிக் குழாயில் சுமார் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைப்பார். பிறகு குழாயைச் சாய்த்துப் பார்ப்பார். ரத்தம் உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது என்று பொருள். பெரிய கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். விஷம் இறங்கிய அறிகுறி தெரிந்தால் மட்டுமே முறிவு மருந்து ஏற்றுவார்கள். தொடக்கத்தில் வழக்கமாக 8 முதல் 10 குப்பி. சிலருக்கு மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் அட்ரினலின் ஊசி கைவசம் இருக்கும். மூச்சுத் தசைகள் செயலிழந்தவருக்குச் செயற்கைச் சுவாசம்தான் உயிர். கட்டுவிரியன் கடியில் அது பல நாள்கூடத் தேவைப்படும்.

பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் 1890களில் உருவாக்கிய முறையின் வழியில்தான் இன்றும் விஷமுறிவு மருந்து தயாராகிறது: குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கிறார்கள். இதற்கான விஷத்தின் பெரும்பகுதியை, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. விஷம் எடுத்தபின் பாம்புகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆனால் ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறுபடுவதால், எல்லாப் பகுதிகளிலும் இம்மருந்து ஒரே அளவு பலன் தருவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ள கூம்பு மூக்குக் குழிவிரியனின் விஷத்தை இது முறிக்காது.

தடுப்பு

கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிடுவதும் கட்டுவிரியனுக்கு நல்ல தடுப்பு. இருட்டில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்கக்கூடாது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும் என்பதால் தானியத்தையும் விறகையும் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். வயலோரம் குடியிருப்பவர்கள், பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவு நேரத்திலும் விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ளன என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.