மூன்று பேர் வழியனுப்பிய கப்பல்: ஆம்ஸ்டர்டாம் பயணத்தின் வரவும் செலவும்

1928 மார்ச் 10 அன்று பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘கைசர்-இ-ஹிந்த்’ என்னும் கப்பல் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. அதில் இந்திய ஹாக்கி அணியின் பதின்மூன்று ஆட்டக்காரர்கள் இருந்தனர். அவர்களை வழியனுப்ப வந்தவர்கள் மூவர்: இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பின் தலைவர் பர்ன்-மர்டாக், துணைத் தலைவர் சார்லஸ் நியூஹாம், தொடக்கக்கால ஹாக்கி ஆர்வலரான பட்டாச்சார்ஜி. ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் கழித்து ஆம்ஸ்டர்டாமில் அந்த அணி ஒரு கோல்கூட வாங்காமல், இருபத்தொன்பது கோல்கள் அடித்துத் தங்கப் பதக்கம் வென்றது. திரும்பி வந்தபோது பம்பாயில் பெருங்கூட்டம் காத்திருந்தது. மூவருக்கும் பெருங்கூட்டத்துக்கும் இடையிலான இந்த முரணை இந்திய விளையாட்டு வரலாறுகள் விரும்பிச் சொல்லும். ஆனால் அந்த மூவர் வந்து நின்ற துறைமுகத்துக்கு அணி எப்படி வந்து சேர்ந்தது என்பது பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. வெற்றியின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்குப் பயணச்சீட்டின் வரலாறு எழுதப்படவில்லை.

வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்வதென்பது மைதானத்தில் தொடங்குவதன்று. எவரை அனுப்புவது, எவர் பணம் தருவது, எவர் விடுப்புத் தருவது என்னும் மூன்று கேள்விகளில் அது தொடங்குகிறது. குடியேற்ற ஆட்சிக்கால இந்தியாவில் இம்மூன்றுக்கும் விடை சொல்லும் பொறுப்பு எந்த ஒரு நிறுவனத்திடமும் இல்லை. அரசு அதைத் தன் கடமையாகக் கருதவில்லை. விளையாட்டுக் கழகங்கள் மாகாண எல்லைக்குள் நின்றன. ஆகவே ஒவ்வொரு பயணமும் நன்கொடை, கடன், தனிமனிதச் செல்வாக்கு ஆகியவற்றைப் புதிதாகத் திரட்டியே நடந்தது.

இதன் முதல் வடிவத்தை 1920 ஆன்ட்வெர்ப் பயணத்தில் காணலாம். புனேயின் டெக்கான் ஜிம்கானாவுக்குத் தலைவராக இருந்த தொழிலதிபர் தொராப்ஜி டாடா, அங்கு நடந்த ஓட்டப் பந்தயங்களில் வயல்வேலை செய்யும் இளைஞர்கள் வெறுங்காலுடன் ஓடிய நேரத்தைக் குறித்துப் பார்த்தார். அது ஐரோப்பிய ஓட்டக்காரர்களின் நேரத்துக்கு அதிகம் பின்தங்கியதாக அவருக்குத் தோன்றவில்லை. பம்பாய் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் வழியாக இங்கிலாந்தில் ஆதரவு தேடப்பட்டு, இந்தியா கலந்துகொள்ள அனுமதியும் கிடைத்தது. பணத்தில் ஒரு பங்கு அரசிடமிருந்து வந்தது; டாடா தம் கைப்பணத்தையும் போட்டார். நான்கு ஓட்டக்காரர்களும் இரண்டு மல்லர்களுமாக அறுவர் சென்றனர். நெடுந்தொலைவு ஓட்டத்தில் பதேப்பா சௌகுலே 2 மணி 50 நிமிடங்களில் ஓடிப் பத்தொன்பதாவதாக வந்தார். மல்லர் ரண்தீர் ஷிண்டே வெண்கலப் பதக்கத்தை நெருங்கி நழுவவிட்டார். மண்களத்தில் பழகிய உடல் மெத்தை விரிப்பில் அந்தத் தொலைவு சென்றதே பெரிது.

ஆன்ட்வெர்ப் பயணம் ஒரு செல்வரின் விருப்பத்தால் நிகழ்ந்தது. ஆம்ஸ்டர்டாம் பயணத்துக்கு அப்படி ஒருவர் இல்லை. ஓர் அமைப்பு இருந்தது. 1925இல் குவாலியரில் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு தோன்றியது. அடுத்த ஆண்டே இந்தியப் படையின் ஹாக்கி அணி நியூசிலாந்து சென்று இருபத்தொரு ஆட்டங்களில் பதினெட்டை வென்று திரும்பியது. தியான் சந்த் என்னும் இளம் படைவீரரின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது அப்பயணத்தில்தான். ஆனால் அந்தப் பயணம் படையின் ஏற்பாடு. சம்பளம், சீருடை, விடுப்பு எல்லாம் ஒரே கட்டளையில் அடங்கிவிடும். குடிமக்களையும் படைவீரர்களையும் இரயில்வே, சுங்க ஊழியர்களையும் சேர்த்து ஒரு நாட்டின் அணியைக் கட்டுவது வேறு வேலை.

அணியைத் தேர்ந்தெடுக்க 1928 தொடக்கத்தில் கல்கத்தாவில் மாகாணங்களுக்கிடையிலான போட்டி ஒன்று நடத்தப்பட்டது. ஐக்கிய மாகாணம், பஞ்சாப், வங்காளம், இராஜபுதனம், மத்திய மாகாணம் என ஐந்து அணிகளே வந்தன. ஐக்கிய மாகாணம் வென்றது. மதராஸ் வரவில்லை, பம்பாய் வரவில்லை. இந்தியாவின் அணி என்று சொல்லப்பட்டது உண்மையில் விந்திய மலைக்கு வடக்கிலும் அதன் அயலிலும் இருந்த ஐந்து மாகாணங்களின் அணி. அதில் பாதிக்கு மேற்பட்டோர் ஆங்கிலோ-இந்தியர்கள். இரயில்வே குடியிருப்புகளும் மலைவாழிடப் பள்ளிகளும் அந்தச் சமூகத்துக்கு ஹாக்கி மட்டையை அளித்திருந்தன. பிற்காலத் தேசிய நினைவு இந்த உண்மையைச் சற்று மங்கலாக்கிவிட்டது.

தேர்வு முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் குறைந்தது. மாகாணங்களுக்கு வேண்டுகோள் அனுப்பப்பட்டது. பம்பாய், மதராஸ், பர்மா ஆகிய மூன்றும் செவிசாய்க்கவில்லை என்று தியான் சந்த் தம் தன்வரலாற்றில் பெயர் சொல்லியே பதிவுசெய்கிறார். விளைவாக வங்காளத்தின் சௌகத் அலி, மத்திய மாகாணத்தின் நாரிஸ் ஆகிய இருவரையும் விட்டுவிட்டுச் செல்ல வேண்டிய நிலை. அவர்கள் இல்லையென்றால் கப்பலில் ஏறுவோர் சரியாகப் பதினொருவர். ஒரு கணுக்கால் சுளுக்கினால் மாற்று ஆள் இல்லை. இறுதி நேரத்தில் வங்காள விளையாட்டு ஆர்வலர்கள் பணம் தந்து இருவரையும் கப்பலேற்றினார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மதராஸ் ஏன் கைவிரித்தது? ஹாக்கி அங்கு அறியாத ஆட்டமன்று. மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் பெயரால் நடக்கும் ஹாக்கிப் போட்டி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நகரில் வேரூன்றியிருந்தது. படைப்பிரிவுகளும் இரயில்வே அணிகளும் கல்லூரிகளும் ஆடின. எனவே ஆர்வமின்மையைக் காரணமாகச் சொல்ல இயலாது. தேர்வுப் போட்டியில் மதராஸ் அணி இல்லை; ஆகவே அணியில் மதராஸ்காரர் எவரும் இல்லை. தன் பிள்ளை போகாத ஊர்வலத்துக்கு எவர் செலவழிப்பர் என்னும் கணக்கே இயல்பாக முன்நின்றிருக்கும். ‘இந்தியா’ என்பது 1928இல் வரிவசூலிலும் காவல்துறையிலும் மெய்ப்பொருளாக இருந்தது. ஹாக்கி நன்கொடைப் புத்தகத்தில் அது இன்னும் உருப்பெறவில்லை.

ஆனால் இந்த விளக்கம் வங்காளத்திடம் வந்து முட்டிக்கொள்கிறது. சௌகத் அலி வங்காளத்தவர். அவருக்காகப் பணம் திரட்டியது புரிகிறது. நாரிஸ் வங்காளத்தவர் அல்லர். அவருக்கும் சேர்த்தே கல்கத்தா பணம் தந்தது. கல்கத்தாவில் தேர்வுப் போட்டி நடந்தது என்பதை இங்கே மறக்கலாகாது. ஐந்து மாகாண ஆட்டக்காரர்களையும் அந்நகரத்தார் கண்ணால் பார்த்திருந்தார்கள். மதராஸில் அவர்கள் செய்தித்தாளின் ஓரத்தில் வந்த பெயர்கள் மட்டுமே. நன்கொடை மாகாணப் பற்றை மட்டும் பின்தொடர்வதில்லை, கண்ட ஆட்டத்தையும் பின்தொடர்கிறது. இன்றும் அரசு உதவித்தொகைப் பட்டியலுக்கு வெளியே கிடக்கும் ஆட்டங்களில், எடுத்துக்காட்டாக ஸ்கேட்போர்டு ஸ்லாலம் போன்றவற்றில், வெளிநாட்டுப் போட்டிக்குப் புறப்படுவோர் தெரிந்தவர், அறிந்தவர், ஆட்டத்தை ஒருமுறையேனும் பார்த்தவர் ஆகியோரிடமே முதலில் கையேந்துகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தத் தர்க்கம் பழையதாகத் தோன்றாது.

பம்பாயின் கதை இன்னும் சுவையானது. பணம் தராத பம்பாய், கப்பலேறும் முன் இந்திய அணியுடன் ஓர் ஆட்டம் ஆடியது. 3-2 என்று வென்றும் விட்டது. தேர்வுப் போட்டிக்கே வராத ஒரு நகரத்தின் அணியிடம் தோற்றுவிட்டுத்தான் ‘இந்தியா’ ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டது. துறைமுகத்தில் மூவர் மட்டுமே நின்றதற்கு மக்களின் அறியாமையைக் காரணம் காட்டுவது வழக்கம். பம்பாய் மக்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்கள் இந்த அணியை அறிந்தே, தங்கள் ஊர்ப் பிள்ளைகளைவிடச் சிறந்ததன்று என்று முடிவு கட்டியிருக்கலாம்.

பணத்துக்கு அடுத்தது விடுப்பு. அணியின் தலைவர் கப்பலில் இல்லை. ஜெய்பால் சிங் முண்டா அப்போது இங்கிலாந்தில் இருந்தார். சோட்டாநாகபுரியின் முண்டா பழங்குடிச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதகுருமார் ஆதரவில் ஆக்ஸ்போர்டு வந்து, ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்தவர். இந்திய அணிக்குத் தலைமை தாங்க அழைப்பு வந்தபோது அவர் விடுப்புக் கேட்டார். மறுக்கப்பட்டது. அவர் போனார். திரும்பியதும் பயிற்சிக்காலத்தை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றார்கள், அவர் ஐ.சி.எஸ்.ஸையே துறந்தார். ஒரு பழங்குடி இளைஞருக்கு 1928இல் ஐ.சி.எஸ். என்பது எத்தகைய வாசல் என்பதை எண்ணினால், ஆம்ஸ்டர்டாம் பயணத்துக்கு மிகப் பெரிய தனிக் கட்டணம் செலுத்தியவர் அவரே எனலாம். அந்தக் கட்டணம் கூட்டமைப்பின் கணக்குப் புத்தகத்தில் ஏறாது. வேதனை என்னவெனில், இறுதியாட்டத்தில் அவர் ஆடவில்லை. பிரிவு ஆட்டங்களுக்குப் பின் அணியைவிட்டு விலகிவிட்டார். பின்னிகர் அணியை நடத்தினார். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாக ஒலித்த அதே ஜெய்பால் சிங்தான் இவர். அவரைப் பற்றிய அரசியல் ஆய்வுகள் ஹாக்கியை இளமைக்கால அணிகலன் போலக் குறிப்பிட்டுக் கடந்துவிடுகின்றன. அலுவலகக் கட்டளைக்கு அவர் முதன்முதலில் பணிய மறுத்த இடங்களுள் ஒன்று ஒரு விளையாட்டு விடுப்பு விண்ணப்பம் என்பது அவ்வளவு சிறிய செய்தியன்று.

கப்பல் மூன்று வாரங்களுக்குப் பின் இங்கிலாந்தை அடைந்தது. ஜெய்பால் சிங்குடன், அங்கேயே இருந்த யூசுஃபும் பட்டௌடி நவாபும் அணியுடன் சேர்ந்தனர். பட்டௌடி இங்கிலாந்து ஆட்டங்களோடு நின்றுகொண்டார். மூவரும் இங்கிலாந்திலேயே இருந்தமையால் அவர்களுக்குக் கப்பல் கட்டணம் இல்லை. அணித் தேர்வில் இதுவும் ஒரு கணக்காக இருந்திருக்கக் கூடும் என்று சொன்னால் அவர்களின் திறமையைக் குறைத்ததாகாது. போக்குவரத்துச் செலவே அணியின் பெரும் சுமையாக இருந்த காலத்தில், கடலின் அக்கரையில் முன்கூட்டியே இருப்பதும் ஒரு தகுதி.

மே 26 அன்று இறுதியாட்டம். எதிரணி நெதர்லாந்து, சொந்த மண், சொந்தக் கூட்டம். இந்திய அணியில் பலர் காயத்தாலும் நோயாலும் படுத்திருந்தனர். தியான் சந்த் காய்ச்சலுடன் ஆடினார். 3-0. பதினைந்தாயிரம் ரூபாய்க் குறையை நிரப்பக் கல்கத்தா முன்வராமல், பதினொருவர் மட்டும் கப்பலேறியிருந்தால் இந்த வாரம் எப்படி முடிந்திருக்கும் என்பதை ஊகிக்க அதிக நேரம் வேண்டியதில்லை. நாரிஸ் இன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்றோர் பட்டியலில் இருக்கிறார். சௌகத் அலியும் இருக்கிறார்.

தங்கம் வென்றால் பணம் தானே வரும் என்று எண்ணத் தோன்றும். 1932 அதைப் பொய்யாக்கியது. லாஸ் ஏஞ்சலிஸ் இன்னும் தொலைவு; உலகப் பொருளாதாரமோ சரிந்து கிடந்தது. ஹாக்கிக்கு மொத்தம் மூன்று நாடுகளே வந்தன. இம்முறை கூட்டமைப்பு நன்கொடையை மட்டும் நம்பவில்லை. பயணத்தையே வருவாய்க்கு வழியாக்கியது. லால் ஷா புகாரியின் தலைமையில் அணி தெற்கே இறங்கி வந்து, கொழும்பிலிருந்து ‘ஹருனா மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பலில் கிழக்கு நோக்கிச் சென்றது. செல்லும் வழியிலெல்லாம் காட்சி ஆட்டங்கள். ஜப்பானை 11-1 என்றும் அமெரிக்காவை 24-1 என்றும் வென்ற பிறகும் அணி வீடு திரும்பவில்லை. செலவை ஈடுகட்ட ஐரோப்பா முழுவதும் ஆடிக்கொண்டே வந்தது. மொத்தம் 37 ஆட்டங்கள், 338 கோல்கள். இவற்றில் 133 தியான் சந்துடையவை. இந்த எண்கள் புகழ்ச்சிப் பட்டியல்களில் ஆற்றலின் அளவாகவே காட்டப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி கடனடைப்பின் அளவும் ஆகும். தூக்கமின்றி இரயிலிலிருந்து இறங்கி நேரே மைதானத்துக்குப் போன ஆட்டங்கள், ஒரு நாட்டின் பயணச்சீட்டுக்காக ஆட்டக்காரர்கள் தம் உடலால் செலுத்திய தவணைகள்.

தியான் சந்தின் தன்வரலாறு 1952இல் வெளிவந்தது. அதை வெளியிட்டது மதராஸின் ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழ். மதராஸ் பணம் தரவில்லை என்ற வரியை மதராஸே அச்சிட்டு விற்றது. அந்நூல் இல்லையெனில் பம்பாய், மதராஸ், பர்மா என்ற மூன்று பெயர்களும் துறைமுகத்தில் நின்ற மூன்று பெயர்களும் நமக்கு எளிதில் கிட்டியிரா. கூட்டமைப்பு என்ன முடிவு செய்தது என்பதைக் குறிப்பேடுகள் சொல்லக்கூடும். யார் வரவில்லை என்பதை நினைவில் வைத்திருப்பவர் கப்பலின் தட்டில் நின்றவர்தான்.

1936இல் விடுப்புக் கேள்வி மீண்டும் எழுந்தது. தாரா என்னும் படை அதிகாரியை அணியில் சேர்க்க விரும்பினார்கள், படைப்பிரிவு விடவில்லை. அணி கப்பலில் சென்று பெர்லினில் இறங்கி, பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4-1 என்று தோற்றது. உடனே இந்தியாவுக்குத் தந்தி போனது. மறுக்கப்பட்ட விடுப்பு இப்போது கிடைத்தது, விமானமும் கிடைத்தது. அரையிறுதிக்கு முன் தாரா வந்து சேர்ந்தார். ஆகஸ்ட் 15 இறுதியாட்டத்தில் அதே ஜெர்மனியை இந்தியா 8-1 என்று வென்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தாரா மீண்டும் ஓர் அணியுடன் வந்தார். பாகிஸ்தான் அணியின் தலைவராக.