கனகராயன்குளத்துக் கடிகாரமும் கணினியின் மொழியும்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே செல்பவர் ஓமந்தை, புளியங்குளம் ஆகியவற்றைக் கடந்தால் கனகராயன்குளத்தை அடைவார். அதற்கப்பால் மாங்குளம். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின் அவ்வீதி திறக்கப்பட்டபோது, தெற்கிலிருந்து சென்ற பயணி தன் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னோக்கித் திருப்பவேண்டியிருந்தது.

காரணம் இதுதான். மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு, 1996 மே மாதத்தில் இலங்கை அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னோக்கி நகர்த்தியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரலிற்றான் கிரீனிச் நேரத்திற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய பழைய நேரம் மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியோ இம்மாற்றங்களை ஏற்கவேயில்லை. அங்கே பழைய நேரமே பத்தாண்டுகள் நிலவியது. உலகெங்கும் கணினிகள் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தளத்திலும் இச்செய்தி ஒரு குறிப்பாக இடம்பெற்றுள்ளது.

அக்காலத்தில் கனகராயன்குளத்தில் ஒரு கணினியில் ‘இலங்கை’ என்று தெரிவு செய்திருந்தால், அது சுவர்க் கடிகாரத்திலும் பார்க்க அரை மணித்தியாலம் முந்திக் காட்டியிருக்கும். சரியான நேரம் வேண்டுமானால் சென்னையும் கொல்கத்தாவும் அடங்கிய இந்திய நேரவலயத்தைத் தெரிவு செய்வதே வழி. நாட்டின் பெயரை மாத்திரம் அறிந்த கணினி, தன் முன்னே அமர்ந்திருப்பவரின் வாழ்வை அறிந்துவிட்டதாக எண்ணுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இது நல்ல சான்று.

நேரத்தில் நேர்ந்த இத்தவறு மொழியிலும் நேரலாம். அங்கே அதன் விளைவு கடுமையானது.

ஒரு நாடு, ஒரு மொழி என்ற கொள்கையின் விளைவை இலங்கைத் தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கியது. 1958இல் தமிழின் உபயோகத்திற்கென விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் பதினாறாவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளை விரிவாக்கியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலான அந்த வாதத்தின் சாரம், குடிமகனின் மொழியை அவனே சொல்லவேண்டும் என்பதே.

மென்பொருளாளர்களிற் சிலர் இதனை முன்பே உணர்ந்திருந்தனர். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், திரையிற் காட்டும் செய்திகளின் மொழி, திகதி, நேரத்தின் அமைப்பு, நாணயம், அகரவரிசை ஆகியன தனித்தனி அமைப்புகளாக வைக்கப்பட்டன. தமிழில் வாசித்துக்கொண்டே இலங்கை ரூபாவிற் கணக்கு வைத்திருக்க இதனால் இயலும். குனூ கெற்ரெக்ஸ்ற் என்ற கருவி ஒரு படி மேலே சென்று, ஒரே மொழியை அன்றி ஒரு வரிசையையே ஏற்றது. முதலில் தமிழ், அது இல்லையேல் சிங்களம், அதுவும் இல்லையேல் ஆங்கிலம் என்று பயனர் எழுதிவைக்கலாம். வேறொருவர் சிங்களத்தை முதலில் வைக்கலாம். விண்டோஸ் இயங்குதளத்திலும் 2012இல் வந்த எட்டாம் பதிப்பு முதல் இத்தகைய மொழி வரிசை முதன்மை பெற்றது.

ஆயினும் ஒரு பொறி எஞ்சியிருக்கிறது. இலங்கைத் தமிழுக்கும் இந்தியத் தமிழுக்கும் கணினியில் வெவ்வேறு குறியீடுகள் உண்டு. இலங்கைத் தமிழைக் கேட்பவருக்கு அது இல்லாவிடின் பொதுத் தமிழைத் தேடவேண்டும் என்பது 2006இல் வெளியான இணைய நியமமொன்றின் வழிமுறை. ஆனால் மென்பொருளில் இருப்பது ‘இந்தியத் தமிழ்’ என்ற முத்திரையுடன் மட்டுமெனில், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் அதைக் கண்டுகொள்ளாது நேரே ஆங்கிலத்திற்குத் தாவிவிடும். தமிழ் மொழிபெயர்ப்பு கணினியினுள்ளேயே இருந்தும் தமிழருக்கு அது கிட்டாது. ‘ரூபாய்’ என்ற சொல்லைக் கண்டு ‘ரூபா’ என்று எழுதுபவர் சிறிது முகம் சுளிக்கலாம். விளங்காத மொழியைக் காண்பதிலும் அது மேலன்றோ?

எனவே மென்பொருள் முதலிற் பயனரின் தெரிவைக் கேட்கவேண்டும். அத்தெரிவு இல்லாதபோது இயங்குதளத்தில் அவர் வைத்த வரிசையைப் பார்க்கவேண்டும். ஊரும் நாடும் கடைசி ஊகமாக மாத்திரம் இருக்கட்டும். அந்த ஊகம் பிழைத்தால் மாற்றும் பொத்தான், ஒவ்வொரு மொழியின் பெயரையும் அவ்வம் மொழியின் எழுத்திலேயே காட்டவேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் ஆங்கில எழுத்தில் மறைந்திருந்தால், அதனைத் தேடுபவருக்கே அது தென்படாது.

இது வசதி பற்றிய சிறு விடயமன்று. காணிக்கோ இழப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கும் வன்னி விவசாயி ஒருவர், தன் பெயரில் திரையில் எழுதப்படுவதைத் தானே வாசித்துச் சரிபார்க்க இயலாவிடின், பிறரை நம்பியே ஒப்பமிட நேரும். தவறாகப் பதிந்த ஓர் எண்ணைத் திருத்தப் பல ஆண்டுகள் அலையவேண்டியும் வரலாம்.

கனகராயன்குளத்தில் இன்று கடிகாரத்தைத் திருப்பவேண்டியதில்லை. கொழும்பின் நேரமும் அவ்வூரின் நேரமும் ஒன்றே. மொழி அவ்வாறு ஒன்றாகவேண்டியதில்லை. எந்த மொழி என்று கேட்கப்பட்டாற் போதும்.