ஊசி செய்த ஊரும் ஒற்றியூரும்

வண்ணாரப்பேட்டையில் இருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே தலை தப்பினால், இந்த ஒரே சாலையில் முந்நூறு வருஷத்து வியாபாரச் சரித்திரத்தைப் பார்த்துவிடலாம்!

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே வந்ததே துணி வாங்கத்தான். நெசவாளி கொடுப்பது பழுப்பு நிறக் கோராத் துணி. அதை வெளுத்துத் தருவதற்காகக் குடியமர்ந்த சலவைத் தொழிலாளர்களின் பேட்டைதான் வண்ணாரப்பேட்டை. வெளுத்த துணி கோட்டைக்குப் போகும். அங்கே ஒரு மாதிரித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நீளம், அகலம், இழை நெருக்கம் எல்லாவற்றையும் ஒத்துப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் விலையில் வெட்டு. இல்லாவிட்டால், 'எடுத்துக்கிட்டுப் போப்பா!' 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களையே திருவொற்றியூர் அருகே குடியேற்றிவிட்டார். அந்தக் காலெட் பேட்டைதான் நம் வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆனது (யாருடைய காலடி என்று இனிமேல் தேடாதீர்கள்!).

காலடிப்பேட்டையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் புல்லட் தொழிற்சாலை. அதன் கதைதான் நமக்கு வேண்டியது.

ரெட்டிச் என்பது இங்கிலாந்தில் ஊசிக்குப் பேர் போன ஊர். தையல் ஊசிதான். 1851-ல் ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் அங்கே ஓர் ஊசித் தொழிற்சாலை வைத்தார். ஊசியில் இருந்து சைக்கிள் பாகங்கள், பிறகு சைக்கிள் என்று கம்பெனி வளர்ந்தது, நொடித்தது, 1891-ல் கை மாறியது. புது முதலாளிகளுக்கு ஓர் ஆர்டர் வந்தது பாருங்கள்... என்ஃபீல்ட் என்ற ஊரில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து தரவேண்டும்! அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்ட்' என்று பெயர் வைத்தார்கள். 'துப்பாக்கி போலச் செய்தது' என்று விளம்பரமும் கொடுத்தார்கள். ஆக, இன்றைக்கு டபடபவென்று தெருவையே எழுப்பும் அந்தப் பெயர், ஒரு சப்ளையர் தன் வாடிக்கையாளரிடம் இருந்து எடுத்துக்கொண்ட பெயர்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்துக்கு எல்லையில் ஓட்ட உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. புல்லட் தேர்வானது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 'என்ஃபீல்ட் இந்தியா'வை ஆரம்பித்தன. திருவொற்றியூர் ஆலை 1956-ல் திறந்தது. அந்த வருஷக் கடைசி வரை உருவான வண்டிகள் எத்தனை தெரியுமா? 163! அதுவும் பெட்டி பெட்டியாக இங்கிலாந்தில் இருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டியதுதான்.

'பூட்டினா போதாதா, எதுக்கு மெனக்கெடணும்?' என்று கேட்கலாம். போதாது. சொந்தமாகத் தயாரிக்கத் திட்டம் இல்லாத கார் கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்று 1953-லேயே டெல்லி சொல்லிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. 1957, 58-ல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வேறு. இங்கிலாந்துப் பெட்டி வராவிட்டால் ஆலை நிற்கும்.

1957-ல் ரெட்டிச்காரர்கள் அச்சுகளையும் கருவிகளையும் என்ஃபீல்ட் இந்தியாவுக்கு விற்றார்கள். ஆனால், அச்சு வந்தால் பாகம் வந்துவிடுமா? வார்ப்பில் காற்றுக்குமிழ் மாட்டிக்கொண்டால் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், எண்ணெய் கசியும். மரை அளவு ஆங்கிலேயப் பழைய கணக்கு. நாடோ 1956-ல் மெட்ரிக்குக்குச் சட்டம் போட்டாயிற்று. வெளியே ஒரு லேத் பட்டறையிடம் வேலை கொடுத்தால் முதல் பத்து உருப்படி அருமையாக வரும். ஆயிரமாவது எப்படி வரும் என்பதில்தான் சப்ளையரின் யோக்கியதை இருக்கிறது. இதற்கென்றே 'கோ - நோகோ' கேஜ் என்று ஒரு கருவி உண்டு. துளைக்குள் அதன் ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. நுழைந்தால் உருப்படி கழிவு. தயவுதாட்சண்யம் பார்க்காத ஜீவன் அது!

1962-ல் புல்லட்டின் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராயின. ஐந்தே வருஷம்... சும்மா சொல்லக் கூடாது, பெரிய காரியம்தான்.

அங்கே இங்கிலாந்தில் கதை தலைகீழ். 1967-ல் ரெட்டிச் ஆலை மூடியது. 1970-ல் அந்த நாட்டில் ராயல் என்ஃபீல்ட் உற்பத்தியே நின்றது. இன்னும் பெட்டியை நம்பி உட்கார்ந்திருந்தால் திருவொற்றியூரும் கூடவே போயிருக்கும். போகவில்லை. 1977-ல் இங்கே இருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி ஆனது! ரெட்டிச்சில் பிறந்த பழைய புல்லட்டை வைத்திருந்தவர்களும் பல உதிரிப் பாகங்களுக்கு மெட்ராஸ் பார்சலைத்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

எல்லாம் சுபம் என்று எழுதிவிட முடியாது. பழைய வரைபடத்தை அப்படியே காப்பாற்றியதில் பழைய நோய்களும் காப்பாற்றப்பட்டன. இந்தியாவில் வேறு வண்டி அதிகம் இல்லாததால் எண்ணெய்க் கசிவை நாம் சகித்துக்கொண்டோம். தரையில் ஓர் அட்டையை விரித்துக்கொண்டோம். வெளிநாட்டு வாடிக்கையாளர் சகிக்கவில்லை. கையில் ரெட்டிச் வண்டியை மாதிரியாக வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கோட்டையில் துணியைப் பார்த்த மாதிரியே ஒத்துப் பார்த்தார். 1994-ல் ஐஷர் கம்பெனி கையில் வந்த பிறகும் நிலைமை உடனே தேறவில்லை. 2000-ல் இழுத்து மூடிவிடலாமா என்கிற பேச்சே வந்தது. சித்தார்த்த லால் அவகாசம் கேட்டு வாங்கி, தரத்தில் கை வைத்தார். பிறகு புது எஞ்சின் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக ஓடிய அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் அதன் பிறகுதான் விடைபெற்றது.