பழவேற்காட்டு வெடியுப்பு

2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூரில் இருக்கும் அத்தை ஃபோன் பண்ணினார். "கண்ணெல்லாம் எரியுதுடா, மூச்சு விட முடியல. ஊரே ரோட்டுல நிக்குது." பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்திருந்தது. கப்பலில் வரும் திரவ அம்மோனியாவை ஓர் உர ஆலைக்குக் கொண்டுபோகும் குழாய் அது. "துண்ட நனைச்சு மூக்க மூடிக்கங்க அத்தை" என்றேன். அதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் தெரியவில்லை.

சில வாரம் கழித்து அத்தையைப் பார்த்துவிட்டு, அப்படியே கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி போய், பஸ் பிடித்துப் பழவேற்காட்டில் இறங்கினேன். எண்ணூரிலிருந்து நேர்கோட்டில் 25 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். எல்லோரும் ஏரியையும் டச்சுக் கல்லறையையும் பார்க்கப் போவார்கள். கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளை நானும் பார்த்தேன். ஆனால் நான் தேடிப் போனது வெடிமருந்தை.

1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. துணி வியாபாரத்துக்கு வந்தவர்கள், 1620களில் இங்கே வெடிமருந்தும் தயாரிக்க ஆரம்பித்தார்கள். கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த அவர்களுடைய தளங்களுக்கும், நாடு திரும்பும் கப்பல்களுக்கும் பல ஆண்டுகள் இங்கிருந்துதான் மருந்து போனது. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிய மேடுதான் மிச்சம்.

வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். மாட்டு மூத்திரமும் சாணமும் ஊறிய மண்ணில் அம்மோனியா உண்டாகும். அதை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். அந்த மண்ணைக் கரைத்து, வடிகட்டி, காய்ச்சினால் உப்பு படியும். பிகாரில் நோனியா சாதியார் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை இது. பிற்பாடு டச்சுக்காரர்களுக்குப் பெருமளவில் வெடியுப்பு வந்தது அங்கிருந்துதான்.

அந்த உப்புக்குள் இரண்டு வகைப் பிணைப்பு இருக்கிறது. பொட்டாசியம் அணு ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்து நேர்மின் அயனியாகிறது. நைட்ரேட் அதை வாங்கி எதிர்மின் அயனியாகிறது. இரண்டும் ஈர்த்து நிற்பது அயனிப் பிணைப்பு. நைட்ரேட்டுக்கு உள்ளே ஒரு நைட்ரஜனும் மூன்று ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்வது சகப்பிணைப்பு.

இன்ஜினியரிங் முடித்தும் ரொம்ப காலம் ஒரு விஷயத்தைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருந்தேன். பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிவருகிறது, அதனால்தான் வெடிக்கிறது என்று. நேர் எதிர். உடைப்பதற்கு ஆற்றல் செலவாகும், சேரும்போதுதான் வெளிவரும். தீ வைத்ததும் நைட்ரேட்டின் ஆக்சிஜன் கரியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக ஜோடி சேர்கின்றன. உடைக்கச் செலவானதைவிடச் சேர்ந்ததில் கிடைத்தது அதிகம். சூடேறி விரியும் அந்த வாயுக்கள்தான் குண்டைத் தள்ளுகின்றன.

நைட்ரஜன் ஜோடிக்கு நடுவே இருப்பது முப்பிணைப்பு. ஒரு மோல் நைட்ரஜனில் அதைப் பிரிக்க சுமார் 945 கிலோஜூல் வேண்டும். காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் இருந்தும் பெரும்பாலான பயிர்கள் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு இதுதான் காரணம். 1909இல் ஃப்ரிட்ஸ் ஹேபர் உயர் அழுத்தத்தில் அந்த ஜோடியைப் பிரித்து, ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலையாக்கினார். 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருஷம் உலகப் போர். சிலி நாட்டு வெடியுப்பு கடல்வழியில் வராமல் போனபோது, ஜெர்மனியின் வெடிமருந்துக்கும் இந்த அம்மோனியாதான் கைகொடுத்தது. உரம், குண்டு இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

பழவேற்காட்டில் வெடித்துக் காற்றில் கலந்தது நைட்ரஜன். எண்ணூர்க் குழாயில் வருவது, காற்றிலிருந்து பிடித்து வந்த அதே நைட்ரஜன். மைனஸ் 33 டிகிரிக்குக் கீழே குளிர வைத்தால்தான் சாதாரண அழுத்தத்தில் அது திரவமாக அடங்கியிருக்கும். வெளியே வந்தால் வாயு. ஈரத்தைத் தேடிப் போகும். அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 700 லிட்டர் அம்மோனியா கரையும். கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாம் ஈரம். அங்கே கரைந்து காரமாகி எரிக்கிறது. நனைத்த துண்டு செய்தது, அதில் கொஞ்சத்தைத் தன் ஈரத்தில் பிடித்துவைத்ததுதான்.

அன்று ராத்திரி பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆலையை மூடச் சொல்லி மீனவ கிராமத்து மக்கள் வாரக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அத்தையும் போனார். இதையெல்லாம் நான் விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "இதெல்லாம் தெரிஞ்சவங்கதானே அந்தக் குழாயையும் போட்டாங்க?"