டிரைவர் இல்லைன்னா வண்டி நகராது! ரெயிலிலும் பஸ்சிலும் ஆள் பற்றாக்குறை. தவிக்கும் கொடைக்கானல், பழனி பயணிகள்

கொடைக்கானல்:

கொடைக்கானல் மலைக்கு ரெயில் கிடையாது. மலையின் தெற்கு, கிழக்குப் பக்கத்து மக்கள் கொடைரோட்டில் இறங்க வேண்டும். வடக்குப் பக்கத்து மக்களுக்கு பழனியும் ஒட்டன்சத்திரமும்தான் ரெயில் நிலையம். அங்கிருந்து மேலே ஏற அரசு பஸ்சை விட்டால் வேறு வழியில்லை. அடிவாரம் வரை ரெயில், அதற்கு மேல் பஸ் என்பதுதான் பல தலைமுறையாக மலைவாசிகளின் பயணக் கணக்கு.

இப்போது இந்த இரண்டுக்கும் ஒரே நோய். வண்டி இருக்கிறது, பாதை இருக்கிறது, ஏறுவதற்கு கூட்டமும் இருக்கிறது. ஓட்டத்தான் ஆள் போதவில்லை. இருக்கிற ஆட்களோ ஓய்வு இல்லாமல், விடுப்பு கிடைக்காமல் சோர்ந்து போயிருக்கிறார்கள். இந்த நிலை எப்படி வந்தது, இதனால் பயணிகளுக்கு என்ன பாதிப்பு? அதுபற்றிய விவரம் வருமாறு:-

150 வருட நிலையம்

திருச்சி-மதுரை ரெயில் பாதை 1875-ம் ஆண்டு அமைக்கப்பட்டது. அப்போது அம்மையநாயக்கனூரில் வந்த நிலையம்தான் இன்றைய கொடைரோடு. அந்தக் காலத்தில் மலைக்கு போகிறவர்கள் இங்கே இறங்கி மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் போய், அங்கிருந்து நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோ ஏறினார்கள். வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை வந்த பிறகு மோட்டார் வண்டி ஓடத் தொடங்கியது. கொடைரோட்டில் இருந்து கொடைக்கானலுக்கு சுமார் 80 கிலோ மீட்டர் தூரம். வைகை, பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரெயில்கள் இங்கே நின்று செல்கின்றன.

மலையின் வடக்கு அடிவாரத்தில் திண்டுக்கல்-பழனி-பொள்ளாச்சி பாதை 1928-ல் மீட்டர் கேஜ் பாதையாக வந்தது. ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்கும் பழனி முருகன் கோவிலுக்கும் இதுதான் உயிர்நாடி. கோவை-ராமேஸ்வரம் ரெயில் இந்த வழியாகத்தான் ஓடியது. அகலப்பாதை பணிக்காக 2009-ல் இந்தப் பாதை மூடப்பட்டது. திண்டுக்கல்லில் இருந்து பொள்ளாச்சி வரை முழுமையாக ரெயில் ஓட 2015 ஜனவரி ஆகிவிட்டது.

பாதை அகலமானது. ஆனால் பழைய ரெயில்கள் எல்லாம் திரும்பி வரவில்லை என்பது பயணிகளின் நீண்ட நாள் ஆதங்கம். பழனி வழியாக ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரெயில் கிடைக்க 2025 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. திருவனந்தபுரம்-மதுரை அமிர்தா எக்ஸ்பிரஸ் நீட்டிக்கப்பட்டதால் அது கிடைத்தது.

கொரோனா காலத்தில் 2020 மார்ச் மாதம் எல்லா பயணிகள் ரெயில்களும் நிறுத்தப்பட்டன. பிறகு படிப்படியாக வந்தபோது, பாசஞ்சர் ரெயில்கள் எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் வந்தன. 10 ரூபாய் டிக்கெட் 30 ரூபாய் ஆனது. 2024 பிப்ரவரியில்தான் குறைந்தபட்ச கட்டணம் மீண்டும் 10 ரூபாய்க்கு இறங்கியது.

எத்தனை காலியிடம்?

ரெயில் என்ஜின் டிரைவரை இப்போது லோகோ பைலட் என்கிறார்கள். ஒரு ரெயிலுக்கு ஒரு லோகோ பைலட், ஒரு உதவி லோகோ பைலட் வேண்டும்.

தகவல் அறியும் உரிமை சட்டத்தில் கிடைத்த விவரப்படி, 2024 மார்ச் 1-ந்தேதி நிலவரத்தில் நாடு முழுவதும் 70 ஆயிரத்து 93 லோகோ பைலட் பணியிடங்களில் 14 ஆயிரத்து 429 காலி. 57 ஆயிரத்து 551 உதவி லோகோ பைலட் பணியிடங்களில் 4 ஆயிரத்து 337 காலி. அதாவது லோகோ பைலட்டில் 5 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 4 பேர்தான்.

காரணம் என்ன? உதவி லோகோ பைலட் பணிக்கு 2018-ல் பெரிய அளவில் ஆள் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அடுத்த அறிவிப்பு 2024 ஜனவரியில்தான் வந்தது. இடைப்பட்ட 6 வருடத்தில் ஓய்வு பெற்றவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். புதிய ரெயில்களும் சரக்கு ரெயில்களும் கூடிக்கொண்டே இருந்தன.

2024 அறிவிப்பில் முதலில் 5 ஆயிரத்து 696 இடங்கள்தான். அந்த ஆண்டு ஜூன் 17-ந்தேதி மேற்கு வங்காளத்தில் நின்றிருந்த காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரெயில் மோதியது. இதில் சரக்கு ரெயில் டிரைவரும் உயிரிழந்தார். அடுத்த சில நாட்களிலேயே காலியிட எண்ணிக்கை 18 ஆயிரத்து 799 ஆக உயர்த்தப்பட்டது. 2025-ல் மேலும் 9 ஆயிரத்து 970 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது.

இதிலும் தமிழக இளைஞர்களுக்கு ஒரு சோதனை. 2025 மார்ச் 19-ந்தேதி நடக்க இருந்த 2-ம் கட்ட தேர்வுக்கு, தமிழ்நாட்டு தேர்வர்கள் பலருக்கு தெலுங்கானாவில் மையம் ஒதுக்கப்பட்டது. கடன் வாங்கி, ராத்திரி முழுக்க பயணம் செய்து போனவர்களுக்கு கடைசி நேரத்தில் தேர்வு தள்ளிவைப்பு என்ற செய்திதான் கிடைத்தது.

ஓய்வு கேட்டு போராட்டம்

ஆள் குறைந்தால் இருப்பவர் தலையில்தான் பாரம் விழும். லோகோ பைலட்டுகளின் மனக்குமுறல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

விதிப்படி தலைமையிடத்தில் பணி முடிந்து வந்தால் 16 மணி நேர ஓய்வு. இது தவிர வார ஓய்வாக மாதத்துக்கு 30 மணி நேரம் வீதம் 4 முறை, அல்லது 22 மணி நேரம் வீதம் 5 முறை தர வேண்டும். இந்த 16 மணி நேரம் வார ஓய்வுக்கு உள்ளேயே அடக்கமா, அல்லது தனியா என்பதுதான் தகராறு. தனி என்றால் 16-ம் 30-ம் சேர்த்து 46 மணி நேரம் வருகிறது.

இந்த 46 மணி நேரத்தை கேட்டு தெற்கு ரெயில்வேயில் லோகோ பைலட்டுகள் 2024 ஜூன் 1-ந்தேதி முதல் போராட்டத்தில் இறங்கினர். யாரும் வேலை நிறுத்தம் செய்யவில்லை. ஓய்வு நேரம் முடியும் வரை வண்டி ஏற மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான். அதற்கே நடவடிக்கை பாய்ந்தது. தொடர்ந்து 2 இரவுக்கு மேல் வேலை தரக்கூடாது என்பது இன்னொரு கோரிக்கை.

சாப்பிடவும் இயற்கை உபாதைக்கும் தனி இடைவேளை வேண்டும் என்ற கோரிக்கையை, நடைமுறைக்கு சாத்தியம் இல்லை என்று ரெயில்வே வாரியம் 2025 ஏப்ரலில் தள்ளிவிட்டது. கழிவறை இல்லாத என்ஜின்கள் இன்னும் ஓடுகின்றன. பெண் லோகோ பைலட்டுகளின் பாடு சொல்லி மாளாது.

நேராக ரத்து ஆகாது

ஆள் இல்லாததால் இந்த ரெயில் ரத்து என்று நம் ஊரில் பலகை வைப்பது அபூர்வம். பாதிப்பு வேறு ரூபத்தில் வரும்.

லாபி என்று சொல்லப்படும் அலுவலகத்தில் எந்த ரெயிலுக்கு யார் என்று பட்டியல் போடுவார்கள். ஆள் குறைந்தால் முதலில் அடிபடுவது சரக்கு ரெயில். அது வழியில் நிற்கும். அடுத்து விடுப்பு மறுக்கப்படும். அதற்கு அடுத்து சிறப்பு ரெயில். தைப்பூசம், பங்குனி உத்திரத்துக்கு பழனிக்கு கூடுதல் ரெயில் விட பெட்டி மட்டும் இருந்தால் போதாது. போக, வர 2 செட் ஊழியர்கள் தனியாக வேண்டும். 2025 தைப்பூசத்துக்கு மதுரை-பழனி இடையே சிறப்பு ரெயில் விட்டபோது கூட்டம் அலைமோதியது. ஆனால் புதிய ரெயில் கேட்டு மனு கொடுக்கும்போது எல்லாம் பெட்டி, பாதை, பணியாளர் என்ற மூன்றும் குறுக்கே நிற்கின்றன.

இங்கிலாந்து, இலங்கையில்...

மற்ற நாடுகளில் இது வெளிப்படையாகவே வெடித்தது. வடக்கு இங்கிலாந்தில் ஓடும் டிரான்ஸ்பென்னைன் எக்ஸ்பிரஸ் ரெயில்கள் 2022-ல் தினமும் கூட்டம் கூட்டமாக ரத்தாகின. டிரைவர்கள் லீவு நாளில் வந்து ஓட்டியதால்தான் அதுவரை வண்டி ஓடியது. அந்த கூடுதல் நேர ஒப்பந்தம் 2021 டிசம்பரில் முடிந்ததும் குட்டு வெளிப்பட்டது. கடைசியில் 2023 மே 28-ந்தேதி அந்த நிறுவனத்தின் கையில் இருந்து ரெயில்களை அரசே எடுத்துக்கொண்டது.

இலங்கையில் அரசு ஊழியர்கள் 60 வயதில் கட்டாயம் ஓய்வு பெற வேண்டும் என்ற உத்தரவு 2022 டிசம்பர் 31-ந்தேதி அமலுக்கு வந்தது. அனுபவம் உள்ள டிரைவர்கள், கார்டுகள், நிலைய அதிபர்கள் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். 2023 ஜனவரியிலேயே ரெயில்கள் வரிசையாக ரத்தாகின.

லீவு நாள் உழைப்பை நம்பி அட்டவணை போட்டால், அது ஒரு நாள் சரியும் என்பதே இந்த இரண்டு ஊரும் சொல்லும் பாடம்.

மலையில் பஸ் பாடு

ரெயிலை விட்டு இறங்கினால் பஸ். அரசு போக்குவரத்து கழகங்களிலும் பல வருடம் டிரைவர், கண்டக்டர் நியமனம் நடக்கவில்லை. 2018 ஜனவரியில் 8 நாளும், 2024 ஜனவரியில் மறுபடியும் வேலை நிறுத்தம் நடந்தது. 2024 போராட்டத்தில் காலியிடத்தை நிரப்ப வேண்டும் என்பது முக்கிய கோரிக்கை.

2025 மார்ச்சில்தான் 3 ஆயிரத்து 274 டிரைவர்-கண்டக்டர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. இதில் திண்டுக்கல் மாவட்டம் அடங்கிய மதுரை கழகத்துக்கு கிடைத்தது 322. அதே ஆண்டு மே மாதம் 6 சதவீத ஊதிய உயர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆனாலும் 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு பழைய பென்ஷன் இல்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு பணப்பலன் வர தாமதம் என்று 2025 ஆகஸ்டில் காத்திருப்பு போராட்டம் தொடங்கியது. ரிட்டையர் ஆனவர் பணத்துக்கு அலைவதை தினமும் பார்க்கிற டிரைவருக்கு வேலையில் என்ன பிடிப்பு வரும்?

மலையில் இதன் பாதிப்பு இரண்டு மடங்கு. சமவெளியில் ஒரு டிரிப் போனால் அடுத்த பஸ் வரும். பூண்டி, கிளாவரை, கூக்கால், மன்னவனூர், பாச்சலூர், கே.சி.பட்டி மாதிரி ஊர்களில் ஒரு டிரிப் என்பது அரை நாள். அது வராவிட்டால் பள்ளிக்கூட பிள்ளைகள் ஜீப் பிடிக்க வேண்டும், அல்லது நடக்க வேண்டும். பூம்பாறை பூண்டு, கேரட், உருளை மூட்டை சாலையோரம் கிடக்கும். கர்ப்பிணிகள் செக்கப்புக்கு போக முடியாது. கொண்டை ஊசி வளைவில் புது டிரைவரை உடனே ஏற்றிவிடவும் முடியாது. மலைப்பாதை பழகிய கைதான் வேண்டும்.

பெண்களுக்கான விடியல் பயணம் திட்டம் கொடைக்கானல் மலைக்கும் விரிவுபடுத்தப்படும் என்று 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. இலவச டிக்கெட் கையில் இருந்தும் பஸ் வரவில்லை என்றால் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான்.

இன்னொரு பக்கம் வாகன நெரிசலை குறைக்க ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந்தேதி இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனில் வார நாளில் 4 ஆயிரம், வார இறுதியில் 6 ஆயிரம் வண்டிகள் என்று கட்டுப்பாடும் போடப்பட்டது. அரசு பஸ்சில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. காரை விட்டு பஸ்சுக்கு வா என்று அழைத்தால் பஸ்சும் ஆளும் இருக்க வேண்டும் அல்லவா?

பயணிகள் கவனத்துக்கு

* ரெயில் ரத்து, தாமதம் குறித்து 139 என்ற எண்ணில் கேட்கலாம். புகாரும் அதே எண்ணில் சொல்லலாம்.

* ரெயில்வே ரத்து செய்த ரெயிலுக்கு முழு பணமும் திரும்ப கிடைக்கும். இ-டிக்கெட்டுக்கு தானாகவே கணக்கில் வந்துவிடும். கவுண்ட்டர் டிக்கெட் என்றால் புறப்படும் நேரத்தில் இருந்து 3 நாளுக்குள் கவுண்ட்டரில் கொடுக்க வேண்டும்.

* ரெயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணத்தை கைவிட்டாலும் முழு பணம் பெற விண்ணப்பிக்கலாம்.

* அரசு பஸ் வராதது பற்றி 1800 599 1500 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். ஊர் பெயர், டிரிப் நேரம், தேதி மூன்றையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எப்போது தீரும்?

தேர்வு எழுதி வருகிற உதவி லோகோ பைலட் பயிற்சி முடித்துத்தான் என்ஜினில் ஏற முடியும். அவர் சரக்கு ரெயிலை தனியாக ஓட்டி, பிறகு பயணிகள் ரெயிலுக்கு வர பல வருடம் ஆகும். ஆகவே இன்று ஆள் எடுத்தாலும் நாளையே தட்டுப்பாடு தீர்ந்துவிடாது. ஆண்டுதோறும் தவறாமல் ஆள் எடுப்பதும், இருக்கிறவர்களுக்கு விதியில் உள்ள ஓய்வை கொடுப்பதும்தான் வழி என்று தொழிற்சங்கங்கள் கூறி வருகின்றன.

தூக்கம் கெட்ட டிரைவரின் கையில்தான் ஆயிரம் பேர் உயிர் இருக்கிறது. எனவே ஓய்வு என்பது ஊழியர் பிரச்சினை மட்டும் அல்ல, பயணிகள் பிரச்சினையும்கூட. அடிவாரத்துக்கு ரெயில் வர வேண்டும், அதை பிடிக்க மலையில் இருந்து பஸ் இறங்க வேண்டும் என்பதே மலை கிராம மக்களின் எதிர்பார்ப்பாக உள்ளது.