பழைய ஜீப்பை வாங்கி வேற இன்ஜின் வைக்கலாமா? முதல்ல ஆர்.சி.யைப் பாருங்க

2019இல் மகேந்திர சிங் தோனி ராஞ்சியில் ஒரு நிசான் ஜோங்காவை ஓட்டிக்கொண்டு போன படங்கள் வந்தது ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னாடி ராணுவக் குடும்பங்களுக்கும் ஜீப் பைத்தியங்களுக்கும் மட்டுமே தெரிந்த பெயர் அது. ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் நிசான் பேட்ரோல் 60 மாடலின் உரிமம் பெற்றுத் தயாரித்த வண்டி. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ராணுவம் கழித்துவிட்ட ஜோங்காக்கள் ஏலத்துக்கு வந்தன. ஏலத்தில் எடுத்தவர்கள் பலரும் பெட்ரோல் செலவைத் தாங்க முடியாமல் டீசல் இன்ஜினை மாட்டினார்கள். மஹிந்திராவின் பழைய சிஜே ஜீப்புகளுக்கும் இதே கதைதான். ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில் இருக்கும் மண்டி டப்வாலி, இப்படி ஜீப்புகளைப் பிரித்து மேய்ந்து புதுசாகக் கட்டித் தருவதற்கே பேர் போன ஊர்.

இப்போ உங்க ஃபீடில் அப்படி ஒரு வண்டி விற்பனைக்கு வருது. "இன்ஜின் மாற்றியாச்சு, பேப்பர் எல்லாம் கிளியர்" என்று போட்டிருக்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே வண்டியில் சேர்ந்து உண்மையாக இருப்பது அபூர்வம். ஏன்?

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. வண்டியைத் தயாரித்த கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் முரண் வருகிற மாதிரி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆர்.சி.யில் இன்ஜின் எண், சேசிஸ் எண், எரிபொருள், சிசி எல்லாமே பதிவாகியிருக்கும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் இன்ஜின் வைத்தால் சேசிஸ் எண்ணைத் தவிர மற்ற மூன்றும் ஒரே நாளில் பொய்யாகிவிடும்.

2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தமாகவே சொன்னது: தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. அதே வருஷம் சட்டத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஒவ்வொரு மாற்றத்துக்கும்" என்ற வார்த்தையைக் கவனியுங்க.

அப்போ இன்ஜினே மாற்ற முடியாதா? முடியும். பழைய இன்ஜின் உடைந்துபோய், அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை வைக்கிறீர்கள் என்றால் வழி இருக்கு. ஆர்டிஓவிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து, புது இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். லோன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் வேணும். அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்கு பில் அவசியம். பழைய இரும்புச் சந்தையில் ரொக்கத்துக்கு வாங்கிய இன்ஜின் ஏதாவது திருட்டு வண்டியுடையதாக இருந்தால், விசாரணை உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

"நான் ரோட்டுக்கே வர மாட்டேன், எங்க தோட்டத்துக்குள்ள மட்டும் ஓட்டப் போறேன்" என்பவர்களும் உண்டு. பதிவில்லாத வண்டியைத் தடுக்கும் பிரிவு 39 "பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ" என்றுதான் எழுதப்பட்டிருக்கு. அந்த வாதத்தை ரொம்ப நம்பாதீங்க.

மெக்கானிக் பக்கம்

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் இது இன்ஜினைத் தூக்கி வைத்து நாலு போல்ட் போடுகிற வேலை இல்லை. புது இன்ஜினின் பின்பக்கமும் பழைய கியர் பாக்ஸின் பெல் ஹவுசிங்கும் பொருந்தாது; நடுவில் அடாப்டர் தட்டு கடைய வேண்டும். அதில் மையம் துளி விலகினாலும் கிளட்சும் கியர் பாக்ஸ் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். பழைய டீசல் இன்ஜின்கள் குறைந்த சுற்றில் இழுக்கும், ரொம்ப வேகமாகச் சுற்றாது. பெட்ரோலுக்காக வடிவமைத்த கியர் விகிதத்தில் அதை வைத்தால், ஹைவேயில் 60ஐத் தாண்டினாலே வண்டி கதறும்.

அப்புறம் எடை. கனமான டீசல் இன்ஜின் முன் ஸ்பிரிங்கை அமுக்கும், ஸ்டீயரிங் கல்லாகும். ரேடியேட்டர் போதாமல் சூடேறும். ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் மின்சாரம், நீங்க வாங்கும் இன்ஜினின் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் 12 வோல்ட். எல்லாத்துக்கும் மேல பிரேக்: நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக். இழுவை கூடின வண்டியை நிறுத்தப் போவது அதுதான். எஸ்டிமேட் கேட்கும்போது பிரேக் வேலைக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்க. அதைப் பற்றிப் பேச்சே எடுக்காத கேரேஜிலிருந்து கிளம்பி வந்துடுங்க. இது என் சொந்தக் கருத்து, ஆனா உறுதியான கருத்து.

விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும்தான். பாலிசியில் இருக்கும் வண்டியும் ரோட்டில் நிற்கும் வண்டியும் வேற வேற என்று ஆகிவிட்டால் உங்க கிளெய்ம் சிக்கலில் மாட்டும். எதிரே வந்தவருக்கான நஷ்டஈட்டையும் கம்பெனி பின்னாடி உங்களிடம் வசூலிக்க முயலலாம். ஜீப் போனால் போகட்டும் என்று விடலாம், இந்தக் கடனை அப்படி விட முடியாது.

காகிதச் செலவு

சொந்த வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 20 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 10,000 ஆக்கினார்கள். தாமதமானால் மாதத்துக்கு 500. இரண்டு வருஷமாகப் புதுப்பிக்காத ஜீப்பை வாங்கினால் தாமதத்துக்கு மட்டுமே 12,000. விலை பேசும்போது இதைக் கழிக்கச் சொல்லுங்க. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28 மூலம் என்ஓசி, இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு, அதோடு இங்கத்திய வரி. டெல்லி சுற்றுவட்டாரத்து வண்டிகள் மலிவாகக் கிடைக்கக் காரணம், அங்கே 10 வருஷ டீசலுக்கும் 15 வருஷ பெட்ரோலுக்கும் இருக்கும் கட்டுப்பாடு. மலிவு என்று எடுப்பதற்கு முன், என்ஓசி கிடைக்குமா என்பதை அந்த ஆர்டிஓவிலேயே உறுதி செய்யணும்.

விண்டேஜ் பதிவு வேறு கதை. 2021 ஜூலை விதிப்படி 50 வருஷம் கடந்த வண்டிக்கு "விஏ" எழுத்துகளுடன் தனி நம்பர் பிளேட் கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000, மறுபதிவுக்கு 5,000, ஆயுள் 10 வருஷம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதாவது 1972 ஜோங்காவில் யாரோ டீசல் இன்ஜின் வைத்த அன்றே அந்தக் கதவு மூடிவிட்டது. தினசரி ஆபீஸ் போகவும் இந்தப் பதிவு உதவாது.

சட்டம் திறந்து வைத்திருக்கும் இன்னொரு பாதை மின்சார மாற்றம். அங்கீகாரம் பெற்ற கிட், அனுமதி பெற்ற நிறுவனம், ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம் என்று ஒழுங்கான நடைமுறை 2016இலிருந்தே இருக்கு. 1990 ஜனவரி 1க்குப் பின் தயாரான வண்டிகளுக்கு மட்டும். கிட்டுக்கான அனுமதி குறிப்பிட்ட மாடல்களுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. உங்க ஜீப் அந்தப் பட்டியலில் இருக்கா என்று கேட்ட பிறகுதான் அட்வான்ஸ்.

பெரும்பாலானவர்களுக்குக் கட்டுப்படியாகும் வழி இதெல்லாம் இல்லாத ஒன்று: இருக்கிற இன்ஜினையே பிரித்து, சிலிண்டரை ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, வால்வு, பேரிங் மாற்றுவது. இன்ஜின் எண் பிளாக்கில் இருக்கும். பிளாக் அதேதான் என்பதால் எண் மாறாது. அதனால் வண்டியை நேரில் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துட்டுப் போங்க. பிளாக்கில் அழுக்கைத் துடைத்து, எண்ணைப் படம் எடுத்து, ஆர்.சி.யில் இருப்பதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் விலை பேசலாம்.